குமுளி ஏற்றத்தில் நின்றுபோன கல்யாண வேன்

என் தாயையும் மனைவியையும் நாலு வயது மகளையும் சேர்த்துப் பதினெட்டுப் பேரை ஒரு வேனுக்குள் ஏற்றி, பின்கதவை வெளியிலிருந்து கயிறு போட்டு இறுக்கிக் கட்டியவன் நான். அந்த வேன் மலைச்சரிவில் பின்பக்கமாக உருளத் தொடங்கியபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனும் நானேதான். அல்லாஹ்வின் அருளை நம்பி வாழும் சகோதரர்களே, சகோதரிகளே, இதைப் பெருமைக்காக எழுதவில்லை. அன்று நான் எவ்வளவு கையாலாகாதவனாக இருந்தேன் என்பதை உள்ளபடி சொன்னால்தான் அவன் செய்த உதவி உங்களுக்கு விளங்கும். அதனால் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

என் பெயர் காசிம். கொல்லங்கோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். இது நடந்தது, ராஜ்யங்களைப் பிரித்துக் கேரளம் உண்டாவதற்கு முந்தைய ஆண்டு மழைக்காலத்தில். அப்போது எங்கள் ஊர் மதராஸ் ராஜ்யத்தில் இருந்தது. குமுளிக்கு மேலே போனால் திருவிதாங்கூர்-கொச்சி. என் தம்பி ஹனீபாவுக்கு வண்டன்மேட்டில் பெண் முடித்திருந்தோம். பெண்ணின் தகப்பனார் அங்கே ஏலக்காய் வியாபாரி. நிக்காஹ் அவர்கள் வீட்டில்.

எங்கள் அத்தா காலமாகி வெகுநாளாயிற்று. மாப்பிள்ளை வீட்டு மனிதனாக நின்று எல்லாவற்றையும் நடத்த வேண்டியவன் நான்தான். பஸ்ஸில் போவதென்றால் பொள்ளாச்சியில் மாற வேண்டும், பழனியில் மாற வேண்டும், தேனியில் மறுபடியும் மாற வேண்டும். சீர்ப் பெட்டிகளையும் பாத்திரங்களையும் சுமந்துகொண்டு பெண்களோடு மழையில் நனைந்துபோய் இறங்கினால் பெண் வீட்டார் என்ன நினைப்பார்கள்? சொந்த வேனில் வந்ததுபோல் வாசலில் போய் இறங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று சொல்வது கூடக் குறைவு. கர்வம்.

பக்கத்து ஊரில் ஒருவரிடம் வாடகைக்குப் பெரிய வேன் ஒன்று இருந்தது. பட்டாளத்துக்காரர்கள் விட்டுப்போன வண்டியை வாங்கிக் கோயமுத்தூரில் மரத்தால் பாடி கட்டியிருந்தார். உள்ளே இரண்டு பக்கமும் நீள பெஞ்சுகள். ஜன்னல்களில் குறுக்கே இரும்புக் கம்பி. முன்னால் டிரைவர் உட்காரும் இடத்துக்கும் பின்பகுதிக்கும் நடுவே பலகைத் தடுப்பு. அதில் கையளவு சின்னத் திறப்பு. ஏறி இறங்கப் பின்னால் ஒரே கதவு.

அந்த வண்டியின் டிரைவர் வேலாயுதன், எங்கள் பக்கத்து மலையாளி, நல்ல மனிதர். புறப்படுவதற்கு முந்தின நாளே என் கடைக்கு வந்து சொன்னார்:

"முதலாளி, ஹேண்ட் பிரேக் சரியா பிடிக்கறதில்ல. பஸ்ட் கியரும் இடைக்கிடைக்குத் துள்ளி வெளிய வருது. மலைக்கு இந்த வண்டி வேண்டா."

"மெதுவாப் போனாப் போதுமல்லோ வேலாயுதா. வர்றோம்னு சொல்லியாச்சு" என்றேன் நான்.

அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

முதல் நாள் கோவிந்தாபுரம் வழியாகப் பொள்ளாச்சி, உடுமலை, பழனி எல்லாம் தாண்டிக் கம்பத்தில் உறவினர் வீட்டில் தங்கினோம். வழியெல்லாம் ஒரே பாட்டும் சிரிப்பும். பின்கதவின் தாழ்ப்பாள் மட்டும் குலுக்கலில் தானாகத் திறந்துகொண்டே இருந்தது. மறுநாள் காலை புறப்படும்போது, குழந்தைகள் விழுந்துவிடக் கூடாதே என்று நான் வெளியிலிருந்து சணல் கயிற்றால் கதவை இழுத்துக் கட்டினேன். மழையில் நனைந்தால் சணல் எப்படி இறுகும் என்று யோசிக்கவில்லை.

கூடலூர் தாண்டி மலையடிவாரத்தில், ஏறுவதற்கு முன்னால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வண்டியை நிறுத்தினார் வேலாயுதன். தண்ணீர் ஊற்றியபின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினார். இரண்டு தடவை கிளம்பவில்லை. மூன்றாம் தடவை இஞ்சின் எதிர்த்து உதைத்தது. கைப்பிடி திரும்பி வந்து அவருடைய வலது மணிக்கட்டில் அடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எலும்பு முறிந்துவிட்டது. மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

நான் இறங்கி ஓடினேன். துண்டைக் கிழித்துக் கையைக் கட்டினேன். என்ன செய்வது என்று வேனுக்குள்ளிருந்து ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது ஹனீபா ஜன்னல் கம்பி வழியாகக் கூப்பிட்டான்:

"அண்ணா, நீங்க பட்டாளத்துல லாரி ஓட்டுனவங்கதானுங்களே? நீங்களே ஓட்டுங்களேன். மேல போயிட்டா வைத்தியருக்கு ஆச்சு, நமக்கும் நேரமாகாது."

என் மனைவி மைமூனும் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

இதை நான் அதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை. யுத்த காலத்தில் அஸ்ஸாம் மலைப்பாதையில் லாரி ஓட்டியவன் நான் என்பது உண்மை. அங்கே ஒருநாள் என் லாரி பாதையை விட்டு உருண்டது. என்னோடு உட்கார்ந்திருந்த தங்கவேலு, உடுமலைப்பேட்டைக்காரன், லாரியின் அடியில் மாட்டிக்கொண்டான். நான் வெளியே விழுந்து தப்பினேன். அவனைத் தூக்க என்னால் முடியவில்லை. அவன் பக்கத்தில் மண்டியிட்டு, யாராவது வரட்டும் என்று அல்லாஹ்விடம் கதறினேன். யாரும் வரவில்லை. கடைசியில் ஆள் வந்தபோது அவன் உயிரோடு இல்லை.

அதற்குப் பிறகு நான் வண்டி ஓட்டவே இல்லை. கடையைப் பார்க்க வேண்டும் என்று வீட்டில் காரணம் சொன்னேன். தொழுகையும் அன்றோடு விட்டுப்போயிற்று. வெள்ளிக்கிழமை ஊருக்காகப் பள்ளிவாசலுக்குப் போவேன். நெற்றி தரையில் படும், மனம் எங்கோ இருக்கும். கேட்காதவனிடம் என்ன பேச்சு என்பதுதான் என் எண்ணம்.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அன்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கூடலூருக்கு நடந்துபோய் வேறு டிரைவரைக் கூட்டி வந்திருக்கலாம். மனைவி முன்னால், தம்பி முன்னால், அந்த வார்த்தை வாயில் வரவில்லை. வேலாயுதனை இடப்பக்கம் உட்கார வைத்து, நானே கைப்பிடியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பிவிட்டு, ஸ்டியரிங் முன்னால் ஏறினேன்.

மழை பிடித்துக்கொண்டது. ஒருபக்கம் மலை, இடப்பக்கம் பள்ளம். பஞ்சு போல மேகம் பாதையில் இறங்கியிருந்தது. முதல் சில வளைவுகளை எப்படியோ திருப்பிவிட்டேன். கைகளுக்குப் பழசு ஞாபகம் இருந்தது. பின்னால் பெண்கள் மறுபடி பாட ஆரம்பித்தார்கள். பரவாயில்லை போலிருக்கிறதே என்று நினைத்தேன்.

செங்குத்தான ஒரு வளைவில் கியரை மாற்றும்போது தவறவிட்டேன். இஞ்சின் நின்றுபோயிற்று.

வண்டி ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு பின்னால் போனது. நான் பிரேக்கை மிதித்தேன். நனைந்த பிரேக் பாதிதான் பிடித்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது சும்மா கையோடு வந்தது. சேற்றில் சறுக்கிக்கொண்டே போய், பின்பக்கத்து இடது சக்கரம் பாதையோரத் தடுப்புக் கல் ஒன்றில் இடித்தது. கல் பெயர்ந்து விழுந்தது. அது உருண்டு போகும் சத்தம் நின்றுவிடும் நின்றுவிடும் என்று பார்த்தேன், கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் கல் இருந்த குழியில் சக்கரம் மாட்டி, வண்டி நின்றது.

நின்றது என்றால், என் கால் அழுத்திக்கொண்டிருக்கும் வரையில் நின்றது. துளி அழுத்தம் குறைந்தால் வண்டி முனகிக்கொண்டு அசைந்தது. வேலாயுதன் இடது கையைக் குறுக்கே நீட்டிக் கியர்த் தண்டை முதல் கியரில் தள்ளிப் பிடித்துக்கொண்டார். விட்டால் அது துள்ளி வெளியே வந்துவிடும்.

"கியர் நான் பிடிச்சிட்டுண்டு முதலாளி. நீங்க கால் எடுக்கண்டா. எந்து வந்தாலும் கால் எடுக்கண்டா."

அவருக்கு இருந்தது ஒரே நல்ல கை. அது கியரில். அவர் பக்கத்துக் கதவுக்கு வெளியே பள்ளம். எனக்கோ காலை எடுக்க வழியில்லை. பின்னால் பதினெட்டுப் பேர். ஜன்னலில் கம்பி. கதவில் நான் கட்டிய கயிறு.

ஹனீபா உள்ளிருந்து கதவைத் தோளால் இடித்தான். இடிக்க இடிக்க வண்டி ஆடியது. "இடிக்காதே! எல்லாரும் மெல்ல வலது பக்கம் வந்து உக்காருங்க!" என்று திறப்பு வழியாகக் கத்தினேன். அவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். மைமூன் திறப்பில் வாயை வைத்துக் கேட்டாள்:

"ஏனுங்க, ஒண்ணும் ஆகாதுங்களே?"

நான் பிரேக்கை இன்னும் அழுத்தினேன். என் மகள் ஜமீலா அழுதுகொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் அழுகையை நிறுத்திவிட்டாள். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியவில்லை. தொடை நடுங்க ஆரம்பித்தது. முதலில் மெல்ல. பிறகு பாதம் வரைக்கும். இரண்டு கைகளாலும் முழங்காலை அழுத்திக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நேரத்தில் இந்தக் கால் தானாக விட்டுவிடும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. என் மனத்தில் எந்த யோசனையும் இல்லை, எந்தத் திட்டமும் இல்லை. அந்தப் பாதையில் நாங்கள் ஏறியதிலிருந்து எதிரில் ஒரு வண்டி வரவில்லை. ஒரு மனிதர் தென்படவில்லை.

வேலாயுதன் கண்ணை மூடிக்கொண்டு, "என்ட குருவாயூரப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அவருக்குக் கூப்பிட ஒரு பெயர் இருந்தது. என் நாக்கில் ஒன்றுமில்லை. சிறுவயதில் மனப்பாடம் செய்த ஓதல் ஒன்றாவது வருமா என்று தேடினேன். ஃபாத்திஹாவின் முதல் வரிக்கு மேல் ஓடவில்லை. பத்து வருஷமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவன், இப்போது எந்த முகத்தோடு கேட்பேன்? அஸ்ஸாமிலும் இப்படித்தானே கேட்டேன்?

ஆனாலும் கேட்டேன். வேறு யாரும் இல்லை. சகோதரர்களே, அது துஆ என்று சொல்லத் தகுந்ததா என்று தெரியவில்லை. வாய்விட்டுச் சொன்னது இவ்வளவுதான்:

"யா அல்லாஹ், என்னால முடியல. என்னால முடியல. இவங்களைப் பாத்துக்க."

பக்திமானைப் போல எந்த வாக்குறுதியும் கொடுக்கவில்லை. என்னைக் காப்பாற்று என்றும் கேட்கவில்லை. பொறுப்பை அப்படியே அவன் கையில் போட்டுவிட்டு அழுதேன். பெரிய மனிதன், வேலாயுதன் பக்கத்தில் இருக்க, மூக்கு ஒழுக அழுதேன்.

அப்போது பலகைக்குப் பின்னாலிருந்து என் அம்மாவின் குரல் கேட்டது. அவர் பதறவில்லை.

"ஏன் கண்ணு, அந்த ஹாரனை அமுக்கிட்டே இரு. யாராச்சும் வருவாங்க."

ஹாரன் என் வலது கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தது. வெளியே மாட்டிய ரப்பர்ப் பந்து ஹாரன். அத்தனை நேரமும் அது என் கண்ணில் படவே இல்லை! கையை நீட்டி அமுக்கினேன். மழைச் சத்தத்தில் அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று தெரியாது. அமுக்கினேன், நிறுத்தினேன், மறுபடி அமுக்கினேன். கை மரத்துப்போகும் வரை.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. பெண் குரல்.

"ஏட்டி, வண்டிட்டி! அந்தரத்துல நிக்கி! ஓடியாங்கட்டி!"

தலையில் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு பத்துப் பதினைந்து பெண்கள் மேகத்துக்குள்ளிருந்து வந்தார்கள். ஏலத் தோட்டத்தில் வேலை செய்பவர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது. முன்னால் வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். மற்றவர்கள் செல்லத்தாயக்கா என்று கூப்பிட்டார்கள். ஒரே பார்வையில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"கல்ல உருட்டுங்கட்டி! ரெண்டு சக்கரத்துக்கும் அண்டை குடுங்க! பெரிய கல்லா பாத்து!" என்றவர், என் பக்கம் வந்து நின்றார். "அண்ணாச்சி, நான் சொல்லுத வரைக்கும் காலை எடுத்துராதீய."

மலைப் பக்கத்திலிருந்து கற்களைப் பெயர்த்து, இரண்டு மூன்று பேராக உருட்டிக்கொண்டு வந்து சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள். நான் கட்டிய முடிச்சு மழையில் கல்லாக இறுகியிருந்தது. இடுப்பிலிருந்த அரிவாளால் கயிற்றை அறுத்தார்கள். குழந்தைகளை முதலில் வாங்கினார்கள். பிறகு பெண்கள். ஒவ்வொருவராக இறங்க இறங்க வண்டி லேசாக மேலெழுவதை என் பாதத்தில் உணர்ந்தேன். யாரோ எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசியாக ஹனீபா இறங்கினான்.

"எல்லாரும் எறங்கியாச்சு அண்ணாச்சி. கல்லு நல்லா தாங்குது. இனி காலை எடுங்க" என்றார் செல்லத்தாய்.

என் கால் வரவில்லை. எடுக்க நினைத்தேன், அது என் பேச்சைக் கேட்கவில்லை.

"வரலீங்கம்மா" என்றேன்.

அவர் கதவைத் திறந்து, சேறான தரையில் முழங்கால் போட்டு, இரண்டு கைகளாலும் என் கணுக்காலைப் பிடித்து, குழந்தைக்குச் செருப்பு கழற்றுவது போல மெதுவாக எடுத்துவிட்டார். வண்டி ஒரு விரற்கடை பின்னால் போய்க் கல்லில் சாய்ந்து நின்றது. வேலாயுதன் கியரை விட்டார். நாங்கள் இருவரும் பாதையில் உட்கார்ந்து மழையை வாங்கிக்கொண்டிருந்தோம்.

அவர்கள் அந்தப் பாதையில் ஏன் வந்தார்கள் என்று அப்போதுதான் கேட்டேன். ஊருக்குப் போய்விட்டு எஸ்டேட்டுக்குத் திரும்புகிறவர்கள். ஒவ்வொரு முறையும் எஸ்டேட் லாரி அடிவாரத்தில் காத்திருந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். அன்று அவர்கள் வருவதற்குள் லாரி போய்விட்டது. பிள்ளைகுட்டிகளை ஊரில் விட்டுவிட்டு வந்த துக்கத்தோடு, மழையில் மலை ஏற வேண்டியதாயிற்று.

"அந்த லாரிக்காரன வழியெல்லாம் வைஞ்சிக்கிட்டேதான் வந்தோம்" என்றார் செல்லத்தாய். பிறகு சிரித்தார். "ஒங்க ஊதல் சத்தத்தக் கேட்டு யானக்குட்டி கத்துதுன்னு இவளுவ கீழ ஓடப் பாத்தாளுவ. யானக்குட்டி இப்படி விட்டு விட்டா கத்தும், வாங்கட்டின்னு நாந்தான் இழுத்துட்டு வந்தேன்."

என் அம்மா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கல்யாணத்துக்கு வாருங்கள் என்று நான் கெஞ்சினேன். வேலைக்கு நேரத்துக்குப் போகாவிட்டால் பேரை வெட்டிவிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, எங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு செக்போஸ்ட் வரைக்கும் எங்களோடு நடந்தார்கள். வேனைக் கல்முட்டிலேயே விட்டுவிட்டோம். செக்போஸ்ட்டில் எங்களுக்கு வழிகாட்டப் பெண் வீட்டாரின் ஜீப் காத்திருந்தது. நாங்கள் தேநீர் வாங்கித் திரும்புவதற்குள் அந்தப் பெண்கள் மேகத்துக்குள் போய்விட்டார்கள். எந்த எஸ்டேட் என்று கேட்க மறந்துவிட்டேன். பிறகு வண்டன்மேட்டிலும் உடும்பஞ்சோலையிலும் எத்தனையோ தோட்டங்களில் விசாரித்தேன். இன்று வரை கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் நிக்காஹ் நடந்தது. முந்தின நாள் ஜீப்பில் பல நடையாகப் போய்ப் பெண் வீட்டு வாசலில் நாங்கள் சேறு படிந்த துணிகளோடு இறங்கியதை யாரும் குறைவாகப் பார்க்கவில்லை. வேலாயுதன், வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கையோடு முன்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அன்று மதியம் லுஹர் தொழுகைக்கு நான் போனேன். ஸஜ்தாவில் விழுந்தவனுக்கு எழ மனம் வரவில்லை.

இது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அன்றிலிருந்து ஐந்து வேளையும் தொழுகிறேன். அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்கிறேன். தெரியாததைத் தெரியாது என்கிறேன். மைமூன்தான் இதைக் கேட்டு முதலில் ஆச்சரியப்பட்டாள்.

தங்கவேலுவுக்காக நான் கேட்டபோது ஏன் ஒருவரும் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்தது போல் உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன். ஆனால் ஒன்று யோசித்துப் பார்க்கிறேன். நான் வாய் திறந்து கேட்பதற்கு முன்னாலேயே அந்த லாரி போய்விட்டது. அந்தப் பெண்கள் மலையேறத் தொடங்கிவிட்டார்கள். நான் அழுதுகொண்டிருந்தபோது உதவி நடந்து வந்துகொண்டிருந்தது, கால் வலிக்க, லாரிக்காரனைத் திட்டிக்கொண்டு. அதை அனுப்பியவன் யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைப் படிக்கிற யாராவது, நான் தொழாதவன், பாவி, எனக்கு ஓதத் தெரியாது, எந்த முகத்தோடு கேட்பேன் என்று நினைத்துக்கொண்டு ஒரு கஷ்டத்தைத் தனியாக அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல வார்த்தை கிடைக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே அவனிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் அவனுக்குப் போதும். எல்லாப் புகழும் அவனுக்கே.